மாட்யூலர் அசெம்பிளியை எதை ஆதாரமாக வைத்து நிறுத்துவது?

கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருளில் ஒரு பார்ட்டை வரையவும் அதற்கு டிராயிங் எடுக்கவும் கற்றுத்தரும் பாடங்கள் நிறைய இருக்கின்றன. வரைந்து முடித்த பார்ட்களைச் சேர்த்து மாட்யூல்களாக்கிய பிறகு, அந்த மாட்யூல்களை முழு இயந்திரத்தின் அசெம்பிளிக்குள் எதை ஆதாரமாகக் கொண்டு நிறுத்துவது என்பதை மட்டும் பல டிசைன் அலுவலகங்கள் அவரவர் பழக்கத்துக்கே விட்டுவிடுகின்றன. அந்தப் பழக்கத்தின் விலை முதல் ஆர்டரில் தெரியாது. அதே மாட்யூலை இரண்டாவது இயந்திரத்துக்கு எடுக்கும்போதோ, வாடிக்கையாளர் பாதி வேலையில் ஓர் அளவை மாற்றச் சொல்லும்போதோதான் தெரியும். நடைமுறையில் உள்ள நான்கு வழிகளை ஒரே எடுத்துக்காட்டின் மேல் வைத்து இங்கே பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாட்யூலும் மாட்யூலும் சேரும் இடத்தில் பெயரிட்ட கோஆர்டினேட் சிஸ்டம் (ஆரிஜின் என்ற தொடக்கப் புள்ளியும் மூன்று அச்சுகளும்), மாட்யூலுக்கு உள்ளே, தொட்டு நிற்கும் பாகங்களுக்கும் அசையும் பாகங்களுக்கும் மேட் (முகங்களையும் துளைகளையும் பிணைக்கும் நிபந்தனை), லைன் முழுவதற்கும் பொதுவான அளவுகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஒரு மெலிந்த ஸ்கெலிடன் (முக்கியக் கோடுகளும் தளங்களும் மட்டும் உள்ள பார்ட்).

எடுத்துக்காட்டுக்கு, பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றுக்கான அசெம்பிளி லைனை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றும் 40×40 அலுமினிய புரொஃபைலில் கட்டிய சட்டம். அதன் மேல் ஒரு துண்டு கன்வேயர், அதற்கு மேல் அந்த ஸ்டேஷனுக்கான டூலிங், பக்கத்தில் மின் பெட்டி. ஸ்டேஷன் ஒவ்வொன்றும் 1,200 மி.மீ. நீளம், பெல்ட்டின் மேல் மட்டம் தரையிலிருந்து 900 மி.மீ. மூன்றாவது ஸ்டேஷன் கசிவுச் சோதனைக்கு. வேலை பாதியில் இருக்கும்போது பெரிய பம்ப் ஒன்றும் இதே லைனில் ஓட வேண்டும் என்று தகவல் வருகிறது. மூன்றாவது ஸ்டேஷன் 1,500 மி.மீ. ஆக வேண்டும், பாரம் கூடுவதால் அதன் இரு முனைகளிலும் உள்ள நிமிர்ந்த 40×40 புரொஃபைல்களை எடுத்துவிட்டு 40×80 போட வேண்டும். இயந்திரம் கட்டுகிறவர்களுக்கு இது அன்றாடம் வரும் மாற்றம். இதைத் தாங்குகிறதா என்பதுதான் ஒவ்வொரு முறைக்கும் நான் வைக்கும் சோதனை.

வெளியில் மிதக்கும் எந்தப் பொருளுக்கும் ஆறு வகை நகர்வுகள் உண்டு: மூன்று திசைகளில் சறுக்கல், மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழற்சி. இந்த ஆறையும் அடைப்பதுதான் நிலைநிறுத்துதல். நான்கு முறைகளும் அந்த ஆறையே அடைக்கின்றன. அடைப்பதற்கு எதைப் பிடித்துக்கொள்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

முகத்தோடு முகம்: மேட்

நம்மில் பெரும்பாலானோர் முதலில் கற்றது இது. 1995 இறுதியில் விண்டோஸ் கணினிக்கென்று வந்த சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருள் வழியாகவே பலருக்கும் மேட் என்ற சொல் அறிமுகம். ஒரு முகத்தை இன்னொரு முகத்தோடு ஒட்டவை, ஒரு துளையை இன்னொரு துளையோடு மையப்படுத்து, இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடு என்று ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்கிறோம். அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் நிலையைச் சால்வர் (மென்பொருளின் கணக்கிடும் பகுதி) கணக்கிட்டுக் கண்டுபிடிக்கிறது.

இதன் பலம் உண்மையான பலம். பொருத்துகிறவர் கையால் என்ன செய்வாரோ அதையே மேட் சொல்கிறது: பேரிங்கின் வெளிவட்டம் ஹவுசிங்கில் உட்காருகிறது, சிலிண்டரின் ராடு அதன் அச்சில் ஓடுகிறது. அசைவைத் திரையில் இழுத்துப் பார்க்க வேண்டுமானால் இதைவிட இயல்பான வழி இல்லை. கசிவுச் சோதனை ஸ்டேஷனில் பம்பின் வாயை அடைக்கும் கிளாம்ப், லீனியர் கைடு, அதைத் தள்ளும் சிலிண்டர் ஆகிய மூன்றையும் மேட்டால் கட்டாமல் வேறு எதனாலும் கட்ட நான் சம்மதிக்கமாட்டேன்.

ஆனால் ஸ்டேஷனையும் ஸ்டேஷனையும் மேட்டால் கட்டினால் கதை வேறு. நீளம் 1,200 இலிருந்து 1,500 ஆவதை மட்டும் பார்த்தால் மேட் தாங்கிவிடும். முகம் நகர்ந்தால் அதோடு ஒட்டிய அடுத்த ஸ்டேஷனும் நகரும். சிக்கல் புரொஃபைலை மாற்றும்போது வருகிறது. நான்காவது ஸ்டேஷன் எந்த 40×40 புரொஃபைலின் முகத்தைப் பிடித்திருந்ததோ அந்தப் பார்ட்டே இப்போது இல்லை. புதிய 40×80 புரொஃபைலில் கண்ணுக்கு அதே இடத்தில் ஒரு முகம் இருந்தாலும், மென்பொருளின் உள் அடையாளத்தில் அது வேறொரு முகம். மேட் அறுந்து தொங்கும். அதைச் சரிசெய்கிறவர் அவசரத்தில் புரொஃபைலின் வெளி முகத்துக்குப் பதில் டி-ஸ்லாட்டின் (புரொஃபைலின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தின்) உள் முகத்தைத் தொட்டுவிட்டால் நான்கும் ஐந்தும் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். பிழைக் குறி எதுவும் வராது. சிவப்புக் குறியைவிட எனக்கு அச்சம் தருவது இந்த அமைதியான தவறுதான். ஆங்கர் போல்ட் துளைகளைத் தரையில் போட்ட பிறகே அது வெளியே தெரியும்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒரு மேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துத் திரும்ப இயக்கும்போது, நிபந்தனைகளை நிறைவேற்றும் இன்னொரு நிலை இருந்தால் சால்வர் அதற்குத் தாவலாம். மாட்யூல் தலைகீழாகவோ முன்பின்னாகவோ திரும்பி நிற்கும். அடுத்தது, நான்கு கால்களின் நான்கு துளைகளையும் மையப்படுத்திவிடும் பழக்கம். இரண்டே துளைகள் நிலையை முடிவு செய்துவிட்ட பிறகு மற்ற இரண்டும் தேவையற்றவை. ஒரு துளையின் அளவைச் சற்று மாற்றினாலும் மேட்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு அசெம்பிளி நின்றுவிடும்.

எல்லாம் ஒரே ஆரிஜினில்

கார் பாடி வடிவமைப்பில் பார்ட்களை வாகனத்தின் பொது அச்சுகளிலேயே வரைவது வழக்கம். ஒரு கதவின் உள் தகட்டைத் தனியாகத் திறந்தாலும் அது வாகனத்தில் நிற்கும் இடத்திலேயே நிற்கும். அசெம்பிளியில் சேர்க்கும்போது ஆரிஜினோடு ஆரிஜினை ஒட்டினால் போதும். அறுந்துபோக எதுவுமே இல்லை. ஒவ்வொரு பார்ட்டும் ஒரே ஓர் இடத்துக்கென்று பிறக்கும் துறைகளுக்கு இது மிகச் சிறந்த முறை. நம் லைனுக்கு இது பொருந்தாது. ஒரே ஸ்டேஷன் சட்டம் ஐந்து இடங்களில் வருகிறது. அதை எந்த இடத்தின் அச்சில் வரைவது? திரும்பப் பயன்படுத்துவதுதான் மாட்யூலின் நோக்கம் என்றால் அதன் ஆரிஜின் அதற்கே சொந்தமாக இருக்க வேண்டும்.

ஸ்கெலிடன்

முழு இயந்திரத்தின் முக்கியக் கோடுகள், தளங்கள், அச்சுகள், மட்டங்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு பார்ட்டில் வரைந்து, அதை அசெம்பிளியின் முதல் உறுப்பாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றுவது இந்த முறை. கிரியோ என்ற கேட் மென்பொருளில் இதற்கென்றே தனி ஸ்கெலிடன் மாடல் உண்டு. கேட்டியாவில் பப்ளிகேஷன் வழியாகவும், என்எக்ஸில் வேவ் இணைப்புகள் வழியாகவும், இன்வென்டரில் டிரைவ்டு பார்ட் வழியாகவும், சாலிட்வொர்க்ஸில் லேஅவுட் ஸ்கெட்ச் வழியாகவும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

நம் லைனில் 900 மி.மீ. பெல்ட் மட்டம், ஸ்டேஷன் தொடங்கும் இடங்கள், ஆலையின் தூண்கள், ஆபரேட்டர் நிற்கும் பக்கம் ஆகியவை ஸ்கெலிடனில் இருக்க வேண்டியவை. பெல்ட் மட்டத்தை 850 ஆக்கச் சொன்னால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மூன்றாவது ஸ்டேஷனின் எல்லைக் கோட்டை 300 மி.மீ. தள்ளினால் நான்கும் ஐந்தும் தாமாகத் தள்ளிப்போகும். புரொஃபைல் மாறினாலும் கவலை இல்லை. ஸ்டேஷன்கள் ஸ்கெலிடனின் தளங்களைப் பிடித்திருக்கின்றனவே தவிரப் புரொஃபைலின் முகத்தை அல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஸ்கெலிடன் முறையில் இறங்கிய பல அலுவலகங்கள் இதில்தான் சிக்கிக்கொள்கின்றன. மாட்யூல் எங்கே நிற்கிறது என்பதை ஸ்கெலிடன் முடிவு செய்யலாம். மாட்யூல் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதையும் அதுவே முடிவு செய்யத் தொடங்கினால் மாட்யூல் என்ற தன்மையே போய்விடுகிறது. சட்டத்தின் நீளத்தை லைன் ஸ்கெலிடனின் கோட்டிலிருந்து எடுத்துவிட்டால், அந்தச் சட்டம் அந்த ஒரு லைனின் பார்ட் ஆகிவிடும். அடுத்த ஆர்டருக்கு அதைத் தனியே எடுத்துப் போனால் பழைய லைனின் கோப்பைக் கேட்கும். சாலிட்வொர்க்ஸில் அத்தகைய ஃபீச்சரின் பெயருக்குப் பின்னால் அம்புக்குறி ஒன்று நிற்கும்; அசெம்பிளி திறந்திராத நேரத்தில் அதோடு கேள்விக்குறியும் சேரும். மாட்யூல் நூலகத்தில் சேர்க்கப்போகும் எந்த பார்ட்டிலும் இந்த அம்புக்குறி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை அலுவலக விதியாகவே வைக்கலாம். அந்த ஒரு இயந்திரத்துக்கென்றே செய்யும் கவர், கைப்பிடிக் கம்பி, கேபிள் டிரே போன்றவற்றுக்கு வடிவத்தையும் ஸ்கெலிடனிலிருந்து எடுப்பதில் தவறில்லை; அவை எப்படியும் இன்னோர் இயந்திரத்துக்குப் போகப்போவதில்லை.

கோஆர்டினேட் சிஸ்டத்தோடு கோஆர்டினேட் சிஸ்டம்

ஒவ்வொரு மாட்யூலுக்கும் அது மற்றவற்றோடு சேரும் இடங்களில் ஒரு கோஆர்டினேட் சிஸ்டத்தை உருவாக்கி, பெயர் கொடுத்து, அசெம்பிளியில் ஒன்றின் கோஆர்டினேட் சிஸ்டத்தை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றுவது நான்காவது வழி. மூன்று அச்சுகளும் ஆரிஜினும் ஒரே நேரத்தில் பொருந்துவதால் ஆறு நகர்வுகளும் ஒரே நிபந்தனையில் அடைபடுகின்றன. மூன்று அச்சுகளும் குறிக்கப்பட்டுவிட்டதால் இன்னொரு நிலைக்குத் தாவவும் இடமில்லை.

மென்பொருள்கள் இந்தத் திசையை நோக்கியே நகர்ந்துவருகின்றன. சாலிட்வொர்க்ஸைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜான் ஹிர்ஷ்டிக் பின்னர் தொடங்கிய ஆன்ஷேப், 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, முகத்தோடு முகம் ஒட்டும் பழைய மேட்களை விட்டுவிட்டு மேட் கனெக்டர் என்ற அச்சுத் தொகுதியையே அடிப்படையாக வைத்தது. ஃபியூஷனில் ஜாயின்ட் ஆரிஜின் அதே வேலையைச் செய்கிறது. ஃப்ரீகேடின் அசெம்பிளி4 என்ற கூடுதல் தொகுதி சால்வரே இல்லாமல் கோஆர்டினேட் சிஸ்டங்களை மட்டும் வைத்து அசெம்பிளி கட்டுகிறது. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 உடன் சேர்ந்து வந்த அசெம்பிளி ஒர்க்பெஞ்சும் ஜாயின்ட்டின் இரு பக்கமும் அச்சுத் தொகுதிகளை வைத்தே இயங்குகிறது. சாலிட்வொர்க்ஸிலும் இரண்டு கோஆர்டினேட் சிஸ்டங்களைத் தேர்ந்து கோஇன்சிடென்ட் கொடுத்து, அச்சுகளையும் இணைக்கும் தேர்வைக் குறித்தால் ஒரே மேட்டில் மாட்யூல் முழுவதுமாக நிலைபெறும். இந்த வசதியை வைத்துக்கொண்டே மூன்று மூன்று மேட்களாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர்.

நம் லைனின் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று கோஆர்டினேட் சிஸ்டங்கள் வைப்பேன். ‘இன்’ என்பது கன்வேயர் உள்ளே வரும் முனையில், பெல்ட்டின் அகலத்து மையத்தில், பெல்ட்டின் மேல் மட்டத்தில். ‘அவுட்’ அதேபோல் வெளியேறும் முனையில். ‘ஃப்ளோர்’ சட்டத்தின் நடுவில், தரை மட்டத்தில். மூன்றிலும் இசட் அச்சு மேல்நோக்கி. எக்ஸ் அச்சு பொருள் நகரும் திசையில். பெல்ட்டின் மேல் மட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: பம்ப் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்குத் தட்டாமல் போக வேண்டும் என்பதுதான் அந்த இணைப்பின் தேவை. சட்டத்தின் உயரத்தை லெவலிங் ஃபுட் (திருகி உயரம் மாற்றும் கால்) சரிசெய்துகொள்ளும்.

இப்போது மாற்றத்தைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது ஸ்டேஷனின் நீளம் 1,500 ஆகிறது. ‘அவுட்’ அந்த நீள அளவிலேயே கட்டப்பட்டிருப்பதால் 300 மி.மீ. தள்ளிப்போகிறது, நான்காவதன் ‘இன்’ அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் அதுவும் ஐந்தாவதும் பின்னாலேயே போகின்றன. புரொஃபைலை மாற்றுகிறோம், எதுவும் அறுவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கோஆர்டினேட் சிஸ்டத்தை மாட்யூலின் அடிப்படைத் தளங்களிலிருந்தும் அளவுகளிலிருந்தும் கட்டியிருக்க வேண்டும். புரொஃபைலின் மூலையைத் தொட்டு உருவாக்கியிருந்தால் மேட்டின் பலவீனம் அப்படியே உள்ளே வந்துவிடும். பெயர் மட்டும்தான் மாறியிருக்கும்.

இடப் பற்றாக்குறையால் நான்காவதற்கு முன் லைன் 90 பாகை திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அவுட்’ அச்சு 90 பாகை திரும்பிய ஒரு மூலைக் கன்வேயர் மாட்யூலை நடுவில் செருகி, நான்காவதன் ‘இன்’னை அதற்கு மாற்றினால் வேலை முடிந்தது. மேட்களால் கட்டிய லைனில் அந்த இணைப்பின் ஒவ்வொரு மேட்டையும் நீக்கிவிட்டுப் புது முகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து வாங்கும் பொருள்களிலும் இந்த முறையின் அருமை தெரியும். சிலிண்டர், கிரிப்பர், கியர்மோட்டார் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் ஸ்டெப் கோப்பு (பல கேட் மென்பொருள்களும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவம்) தருகிறார்கள். அதன் ஆரிஜின் அவர்களுக்கு வசதியான இடத்தில் இருக்கும். அடுத்த பதிப்பு வந்தால் எல்லா முகங்களும் புது அடையாளத்தோடு வரும். அதை நேராக அசெம்பிளியில் போடாமல், நம்முடைய ஒரு சிறிய சப் அசெம்பிளிக்குள் வைத்து, பொருத்தும் முகத்தில் நம் கோஆர்டினேட் சிஸ்டத்தை அந்தச் சப் அசெம்பிளியில் உருவாக்கிவிட்டால், புதிய பதிப்பு வரும்போது உள்ளே ஓர் இடத்தில் மட்டும் சரிசெய்தால் போதும். மறுபக்கம், நம் லைனை வாடிக்கையாளருக்கு ஸ்டெப்பில் அனுப்பும்போது மேட்கள் போவதில்லை; ஒவ்வொரு மாட்யூலின் இடமும் அச்சுகளின் இடமாகத்தான் போகிறது. ஆகவே கோப்பு வெளியே போகும்போது எஞ்சும் தகவலை உள்ளேயும் ஆதாரமாக வைத்துக்கொள்வது நியாயமானது.

இதற்கும் குறை உண்டு. கோஆர்டினேட் சிஸ்டம் பொருந்திவிட்டது என்பதால் இரும்பும் இரும்பும் பொருந்திவிட்டது என்று ஆகாது. இரண்டு சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று 5 மி.மீ. புகுந்திருந்தாலும் மென்பொருள் ஒன்றும் சொல்லாது. மேட்டாக இருந்தால் முகங்களே தொட்டிருக்கும். எனவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன், பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றனவா என்று பார்க்கும் இன்டர்ஃபியரன்ஸ் சோதனை கட்டாயம். அச்சுகளின் திசை பற்றிய விதியை எழுதிவைக்காவிட்டால் ஒருவர் எக்ஸைப் பொருள் நகரும் திசையிலும் இன்னொருவர் அதற்கு எதிராகவும் வைப்பார்கள். ஆன்ஷேப்பிலும் ஃபியூஷனிலும் சேர்க்கும் நேரத்தில் திருப்பிவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தித் தப்பிப்பதைவிட மாட்யூலிலேயே சரிசெய்வது நல்லது, இல்லாவிட்டால் அடுத்தவரும் அதே பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

சங்கிலியா, நேரடியா

எந்த முறையை எடுத்தாலும் இன்னொரு முடிவு மிச்சமிருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இரண்டாவது முதலாவதையும், மூன்றாவது இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு சங்கிலியாகப் போவதா, அல்லது ஒவ்வொரு ஸ்டேஷனும் ஸ்கெலிடனை நேரடியாகப் பிடிப்பதா? சங்கிலியில் நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் உள்ளவை பிடிப்பிழக்கும். ஆனால் நீளம் மாறினால் தாமாகத் தொடரும். நேரடியாகப் பிடித்தால் எதை நீக்கினாலும் மற்றவை அசையாது; ஆனால் ஒன்று நீண்டால் பக்கத்தில் உள்ளதன்மேல் ஏறி நிற்கும்.

இதற்கு விடை மென்பொருளில் இல்லை, ஆலைத் தரையில் இருக்கிறது. கன்வேயர் துண்டுகள் ஒன்றை ஒன்று டோவல் பின் (இடத்தை உறுதிசெய்யும் ஊசி) கொண்டு பிடித்து நிற்பவை என்றால் கேடிலும் ‘அவுட்’டில் ‘இன்’ உட்காரும் சங்கிலியே சரி. ரோபாட் அல்லது பிரஸ் போன்று தனி அடித்தளத்தில், தூண்களிலிருந்து அளந்து ஆங்கர் அடிக்கும் ஸ்டேஷன் என்றால் அதன் ‘ஃப்ளோர்’ ஸ்கெலிடனைத்தான் பிடிக்க வேண்டும். நம் லைனில் கசிவுச் சோதனை ஸ்டேஷன் ஓர் அடித்தளத்தில் நிற்கிறது என்றால் அது ஸ்கெலிடனைப் பிடிக்கட்டும். ஒன்றும் இரண்டும் அதிலிருந்து பின்னோக்கியும், நான்கும் ஐந்தும் முன்னோக்கியும் சங்கிலியாகப் போகட்டும். தளத்தில் பொருத்துகிறவர்களும் அந்த வரிசையிலேயே தொடங்குவார்கள். கேட் மாடலின் பிடிப்பு வரிசையும் பொருத்தும் வரிசையும் ஒன்றாக இருந்தால், எங்கே இடைவெளி குவியும், எந்த முனையில் சரிசெய்ய இடம் விட வேண்டும் என்பது மாடலைப் பார்த்தாலே தெரியும்.

அசையும் பாகங்கள் உள்ள மாட்யூல்களைப் பற்றி ஒன்று. சாலிட்வொர்க்ஸில் சப் அசெம்பிளி இயல்பாக ரிஜிட் ஆக, அதாவது உள்ளே எதுவும் அசையாததாக, இருக்கும். மேல்மட்டத்தில் அசைவைக் காட்ட ஃப்ளெக்ஸிபிள் ஆக்கினால் அதன் உள் மேட்கள் எல்லாம் மேல்மட்டக் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து ஸ்டேஷன்களையும் அப்படி விட்டால் லைன் கோப்பு நகராது. கிளாம்ப் திறந்த நிலை, மூடிய நிலை என்று இரண்டு கான்ஃபிகரேஷன்கள் வைத்துக்கொள்வது பெரும்பாலான தேவைகளுக்குப் போதும்.

இடக்கைப் பக்கம், வலக்கைப் பக்கம் என்று எதிரெதிராக நிற்கும் மாட்யூல்களிலும் எச்சரிக்கை தேவை. எந்தக் கோஆர்டினேட் சிஸ்டத்தையும் எவ்வளவு திருப்பினாலும் அதன் கண்ணாடிப் பிம்பம் கிடைக்காது. ஆபரேட்டர் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டுமானால், சட்டம் சமச்சீராக இருக்கும்வரை இசட் அச்சில் 180 பாகை திருப்பி, ‘இன்’னையும் ‘அவுட்’டையும் மாற்றிப் பிடித்து ஒப்பேற்றலாம், அப்போது எக்ஸ் அச்சுகள் எதிரெதிராக நிற்கும் என்பதால், திரும்பிய நிலைக்கென்று தனியே இரண்டு கோஆர்டினேட் சிஸ்டங்கள் வைக்க வேண்டும். டூலிங்கும் மின் பெட்டியும் ஒரு பக்கச் சாய்வோடு இருந்தால் எதிர்க்கை மாட்யூல் தனி பார்ட் எண்ணோடு தனியாகவே பிறக்க வேண்டும். அதை மறைத்து மிரர் கட்டளையால் மேல்மட்டத்தில் காட்டிவிட்டால், பொருள் பட்டியலில் ஒரே எண்ணுக்குக் கீழ் இரண்டு வேறு பொருள்கள் கேட்கப்படும். ஒர்க்‌ஷாப் இரண்டையும் ஒரே கையாகச் செய்து அனுப்பும்.

ஏற்கெனவே மேட்களால் கட்டி ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைன்களை இதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. அவற்றிலிருந்து அடுத்த ஆர்டருக்கு எந்த மாட்யூலை எடுக்கிறோமோ அந்த மாட்யூலுக்கு மட்டும், எடுக்கும் அன்றைக்கு, மூன்று கோஆர்டினேட் சிஸ்டங்களைச் சேர்த்து, வெளி இணைப்பு அம்புக்குறிகளை நீக்கி நூலகத்தில் வைத்தால் போதும். இரண்டு பேர் மட்டும் உள்ள அலுவலகத்தில், ஒரே ஒருமுறை செய்யப்போகும் ஜிக் ஒன்றுக்கு மேட்டே போதுமானது. அங்கே ஸ்கெலிடன் கட்டுவது வீண் வேலை.